கட்டி உணவைக் கண்டால் ஓங்கரிக்கும் பிள்ளை

கேள்வி: மகனுக்கு ஒன்பது மாதம். மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. ஒரு பருக்கை தட்டினாலும் ஓங்கரித்துத் துப்புகிறான். தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்பவரிடம் போய்த் தொக்கம் எடுக்கச் சொல்கிறார் மாமியார். போகலாமா?
– ஒரு தாய், தொண்டி

போகாதீர்கள். தொக்கம் எடுப்பவர் விரலை விட்டுத் துழாவுவார், இல்லையென்றால் குழாய் வைத்து உறிஞ்சுவார். கடைசியில் காட்டும் துணுக்கு பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்ததல்ல. தொண்டை புண்ணாவதுதான் மிச்சம். நிஜமாகவே ஏதாவது சிக்கியிருந்தால் விரல் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இந்த வயதில் நாக்கின் முன்பக்கம் பட்டாலே ஓங்கரிப்பு வரும். கட்டி பழகப் பழகத்தான் அந்த இடம் பின்னால் நகரும். முகம் சிவந்து சத்தத்தோடு ஓங்கரித்தால் பயமில்லை. சத்தமே வராமல் முகம் நீலம் பூத்தால்தான் மூச்சடைப்பு.

மிக்ஸியை எடுத்து வையுங்கள். முதல் நான்கு நாள், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டியில் பருப்புச் சோற்றை மத்தால் கடையுங்கள். பிறகு கையால் பிசைந்தது. அப்புறம் விரல் நீளத்தில் இட்லித் துண்டு, வெந்த பரங்கிக்காய்; அதை நாக்கின் நடுவில் வைக்காமல் ஈறின் ஓரத்தில் வையுங்கள். பல் முளைக்கக் காத்திருக்க வேண்டாம், ஈறே மசிக்கும். நீர்க்கஞ்சியில் சோற்றுப் பருக்கை மிதப்பதுதான் இருப்பதிலேயே கடினம்: தண்ணீர் ஓடிவிடும், பருக்கை நாக்கிலேயே நிற்கும். கிழங்கான் மீனை ஆவியில் வேகவைத்து, விரலால் தடவி முள் பார்த்துக் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு. காலில் மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். வேளைக்கு அரை டம்ளர் (டம்ளர் 250 மில்லி), நாளைக்கு மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலோடு. அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். துப்பியதையே பத்துப் பதினைந்து தடவை காட்ட வேண்டிவரும்.

எடை கூட்டும் பவுடர் என்று டப்பாவோடு ஆள் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவை விளம்பரம் செய்வதையும் இலவச சாம்பிள் கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் தடுக்கின்றன. யார் கேட்கிறார்கள்? அங்கன்வாடி சத்துமாவு இலவசம், களியாகக் கிண்டுங்கள்.

குறைமாதப் பிள்ளை என்றால் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால் சாப்பாட்டுக்கு அவனுக்கு ஏழு மாதம்தான். பிறந்த தேதியை விட்டுவிட்டு, கர்ப்பகால அட்டையில் எழுதிய, எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான். இதைக் கேட்காமலேயே 'பின்தங்கிவிட்டான்' என்று பயமுறுத்துவார்கள்; நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஊட்டும்போதெல்லாம் இருமல், குரலில் கரகரப்பு, மூக்கு வழியே பால், அடிக்கடி நெஞ்சுச் சளி, ஏறாத எடை: இதில் ஒன்று இருந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். இரண்டு நிமிடத்தில் பசி டானிக் எழுதி அனுப்புவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளை சாப்பிடுவதை யாரும் பார்ப்பதில்லை. அவன் சாப்பாட்டைச் சின்ன டப்பாவில் கொண்டுபோய், டாக்டர் முன்னாலேயே ஊட்டிக் காட்டுங்கள்.