பாட்டு பாதியில் நின்றால் தட்டு பழுதா?

கேள்வி: அண்ணனின் பிறந்தநாளுக்காக அமெரிக்கப் பாடகர் டி'ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தை இரட்டை எல்.பி.யாக, அதாவது இரண்டு இசைத்தட்டுகளாக, ஆன்லைனில் வாங்கினேன். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. போட்டுக் கேட்டால் மூன்று குறைகள். கடைசிக்கு முந்தைய பாட்டு கத்தரித்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. டிரம்ஸ் தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வருகிறது. குரல் எங்கோ உள்ளேயிருந்து முணுமுணுக்கிறது, சொற்கள் பிடிபடவில்லை. விற்றவரோ தட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி எடுக்க மறுக்கிறார். எங்கே புகார் செய்வது?

பதில்: புகார் எழுதுமுன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூடப் பழுது இல்லை. உலகத்தில் எந்தக் கடையில் வாங்கினாலும் ‘வூடூ’ இப்படித்தான் இருக்கும், சிடியிலும் இப்படித்தான்.

பாட்டு நிற்பதை முதலில் பார்ப்போம். அந்தப் பாட்டின் பெயர் ‘அன்டைட்டில்டு’. ஏழு நிமிடத்துக்கு மேல் மெல்ல மெல்ல ஏறி, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து உச்சியில் நிற்கும்போது அறுந்துவிடும். அடுத்து ‘ஆஃப்ரிக்கா’ என்ற அமைதியான பாட்டு. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடிப்பது எல்லோரும் செய்வது. அதைச் செய்யாமல் அப்படியே விட்டார்கள். முதல்முறை கேட்கிறவர் எழுந்துபோய் ஊசியைப் பார்ப்பது இயல்புதான்.

டிரம்ஸ் இழுப்பதும் திட்டமிட்டது. வாசித்தவர் க்வெஸ்ட்லவ், கடிகாரம்போல் வாசிப்பதில் பேர்பெற்ற கலைஞர். அவரிடம்தான் தாளத்தைத் தள்ளாட விடச் சொன்னார் டி'ஏஞ்சலோ. அந்த யோசனையின் வேர் டெட்ராய்ட் நகரத்து இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவிடம் இருக்கிறது. டிரம் ஒலியை எழுப்பும் டிரம் மெஷின் தானாகவே அடிகளை நேராக்கிக் கொடுக்கும். டில்லா அந்த வசதியை அணைத்துவிட்டு விரலால் அடித்ததை அப்படியே வைத்துக்கொள்வார். மெஷினில் பிறந்த அந்தத் தள்ளாட்டத்தை மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துக் கொண்டுவந்ததுதான் ‘வூடூ’வின் பெரிய சாதனை என்பது என் எண்ணம். பாஸ் கிட்டாரில் வேல்ஸ்காரர் பினோ பலடினோ இருக்கிறார். அவர் விரல் எவ்வளவு தாமதமாக விழுகிறது என்பதை மட்டும் கவனித்து ஒரு பக்கத்தைக் கேளுங்கள். இழுப்பு குறையாகத் தெரியாது.

குரல் உள்ளடங்கி ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. டி'ஏஞ்சலோ தன் குரலையே பல அடுக்காகப் பதிந்து, அதை வாத்தியங்களுக்குமேல் தூக்கி நிறுத்தாமல் அவற்றோடு கலந்து வைத்தார். பதிவு நடந்த இடம் நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோ, கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970-இல் கட்டி முடித்தது. ஒலிப்பதிவாளர் ரஸ்ஸல் எலிவாடோ பழைய கருவிகளைக் கொண்டு நாடாவில்தான் பதிந்தார். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது வழக்கமாகிக்கொண்டிருந்த காலம் அது. இவர்களோ பழைய மேதைகளின் கச்சேரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அவர்களுடைய பாட்டுகளை மணிக்கணக்கில் வாசித்துப் பழகி, அந்த வாசிப்பிலிருந்தே புதிய பாட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். அவசரமே இல்லாத வேலை. முதல் ஆல்பம் 1995-இல் வந்தது; ‘வூடூ’ வர 2000 ஜனவரி ஆனது.

சரி, உண்மையான பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கீறல் இருந்தால் ‘டக்’ என்ற சத்தம் 1.8 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நடுத்துளை தள்ளியிருந்தாலும் தட்டு வளைந்திருந்தாலும் சுருதி அதே இடைவெளியில் ஏறி இறங்கும். நீண்டு ஒலிக்கும் கீபோர்டு சுரங்களில் இது நன்றாகத் தெரியும். ஊசி ஒரே வரியில் சுற்றிக்கொண்டிருந்தாலோ தாவினாலோ, முதலில் ஊசியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வேறொரு தட்டைப் போட்டால் அதிலும் தாளம் இழுக்கிறது என்றால் உங்கள் டர்ன்டேபிள் வேகம்தான் குறைவு.

இவற்றில் ஏதாவது இருந்தால் விற்றவர் தப்பிக்க முடியாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: இதே ஆல்பத்தை வாங்க நினைக்கிறேன். 2000-இல் வந்த முதல் அச்சைத் தேடுவதா, புது அச்சு போதுமா? நாடாவில் பதிந்த ஆல்பம் என்பதால் தட்டில்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் புது அச்சே போதும். 2012-இல் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் இரட்டைத் தட்டாக மறுபதிப்பு கொண்டுவந்தது. முதல் அச்சின் விலை சேகரிப்பவர்களுக்கான விலை. டி'ஏஞ்சலோ 2025 அக்டோபரில், 51 வயதில், புற்றுநோயால் காலமானார். ஒரு கலைஞர் மறைந்த கையோடு பழைய தட்டுகளின் விலை ஏறுவது வழக்கம். அந்த நேரத்தில் துக்கத்தோடு போய் வாங்காதீர்கள்.

நாடாவில் பதிந்தார்கள் என்பதற்காக எல்லா அச்சும் நாடாவிலிருந்தே நேராகத் தட்டுக்கு மாற்றப்பட்டது என்று ஆகிவிடாது. இடையில் டிஜிட்டல் கோப்பு இருந்திருக்கலாம். விற்பவர் அட்டையில் எழுதியிருப்பதைக் காட்டினால் நம்பலாம், வாய்வார்த்தைக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: ஆல்பம் கிட்டத்தட்ட 79 நிமிடம். நாலு பக்கத்தில் பிரித்தால் பக்கத்துக்கு இருபது நிமிடம், அது எல்.பி.க்குச் சௌகரியமான அளவு. முழு ஆல்பமும் ஒரே தட்டில் இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கையில் பணம் குறைவு என்றால் பழைய சிடி வாங்குங்கள். பதின்மூன்று பாட்டும் எழுந்துபோய்த் திருப்பிப் போடாமல் ஒரே ஓட்டத்தில் வரும். இந்த ஆல்பத்துக்கு அது பெரிய லாபம்.

கேள்வி: வெளிவந்தபோது சிலர் இதைக் குறை சொன்னார்களாமே? இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்கள். விமர்சனத்தை நம்பி வாங்கலாமா?

பதில்: விற்பனையில் அது அன்றைக்கே வெற்றிதான். முதல் வாரத்தில் அமெரிக்காவில் சுமார் 3,20,000 பிரதிகள் விற்று பில்போர்டு இதழின் ஆல்பப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. 2001-இல் சிறந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. பாராட்டு நிறைய இருந்தது. பாட்டுகள் நீளம், உருவம் பிடிபடவில்லை, சொற்கள் கேட்கவில்லை என்ற முணுமுணுப்பும் இருந்தது. முதல் கடிதக்காரர் சொன்ன அதே குறைகள். ரோலிங் ஸ்டோன் இதழின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003-இல் 488-ஆவது இடம். அதே இதழ் 2020-இல் புதிதாகப் பட்டியல் போட்டபோது 28-ஆவது இடம். ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. அந்தத் தள்ளாட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாக்களிக்க வந்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

வரவேற்பில் ஒரு வேதனையும் உண்டு. ‘அன்டைட்டில்டு’ வீடியோவில் டி'ஏஞ்சலோ மேலாடையின்றி நின்று பாடியிருந்தார். அதன் பிறகு கச்சேரிக்கு வந்தவர்களில் பலர் பாட்டைக் கேட்க விடாமல் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். வருடக்கணக்கில் அந்த ஆல்பத்துக்காக உழைத்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர் ஒதுங்கிப்போனார். அடுத்த ஆல்பம் வர 2014 டிசம்பர் ஆனது.

ஆகவே பட்டியலை நம்பி வாங்க வேண்டாம். எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலாவது ‘ஸ்பானிஷ் ஜாயின்ட்’ பாட்டை முதலில் கேளுங்கள். ஆல்பத்தில் துள்ளல் அதிகம் உள்ளது அதுதான். சார்லி ஹன்டர் எட்டுக் கம்பி கிட்டாரில் பாஸையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார். பிறகு ‘தி ரூட்’. இரண்டும் பிடித்திருந்தால் இரவு நேரத்தில் முழு ஆல்பத்தையும் ஒருமுறை கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பாஸ் காணாமல் போய்விடும். மறுநாள் காலையிலும் அந்தத் தாளம் காலில் இருந்தால் ஆர்டர் போடுங்கள்.