ஆக்சிமீட்டரில் 98 காட்டியும் தலைவலி: வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். நேற்று இரவு கிடங்கில் தீயணைக்க ஓடிய மூவருக்கும் தலைவலி இருந்தும், விரல் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி) 98 காட்டுகிறது என்கிறீர்கள். புகையைச் சுவாசித்தவர்கள் விஷயத்தில் அந்த எண்ணை நம்ப முடியாது.

தலைவலி, குமட்டல் என்றால் முதல் சந்தேகம் புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டிருந்தாலும், சாதாரண ஆக்சிமீட்டர் அதை ஆக்சிஜன் என்றே பெரும்பாலும் எண்ணிவிடும்.

1. இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப்போய், கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சாதாரணக் காற்றில் இதன் அளவு ஏறக்குறைய 4–5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். அதனால் புகையில் இருந்த நேரம், ஆக்சிஜன் கொடுத்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். புகைபிடிப்பவரா என்பதையும் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு இந்த அளவு எப்போதுமே சற்றுக் கூடுதல்.

2. இருமலோ இழுப்போ இருந்தால் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை). வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட் கிடைத்தால் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் கழித்து எடுப்பதால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நார்மலாக வரலாம். அதை வைத்துப் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சுத் திணறல் ஓரிரு நாள் கழித்தும் தொடங்கலாம். மறதி, குழப்பம், நடையில் தடுமாற்றம் சில வாரம் கழித்தும் வரலாம். இதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், தீ அணைந்தபின் கரியும் சாம்பலும் கூட்டப் போனவர்கள் பெயரையும் பரிசோதனைக்கு அனுப்புவோர் பட்டியலில் சேருங்கள். வழக்கமாக விட்டுப்போவது அவர்கள்தான்.