டாட்சன் 240இசட்: புதிய ஹெடர் பொருத்திய பின் புகை கசிவது ஏன்?

கேஸ்கெட்டை (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகட்டை) மாற்றிய பிறகும், வெளியில் வாங்கிப் பொருத்திய ஹெடரின் (புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டு என்ற குழாய்த்தொகுதிக்கு மாற்றாகப் பொருத்துவது) அருகே கசிவொலி கேட்பதற்கு, பெரும்பாலும் அதன் விளிம்புத் தகட்டின் தடிமனே காரணமாக இருக்கும். 1969இல் அறிமுகமான இக்காரின் எல்24 இன்ஜினில், காற்றை உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின்மேல் அமர்ந்திருக்க, இடையிலுள்ள சில போல்ட்டுகள் தடித்த வாஷர்களின் வழியாக இரண்டையும் ஒருசேர அழுத்துகின்றன. உள்ளிழுக்கும் மேனிஃபோல்டின் தகட்டைவிட ஹெடரின் தகடு மெலிந்திருந்தால் வாஷர் சாய்ந்து ஒரு பக்கத்தை மட்டுமே இறுக்கும். அந்நிலையில் போல்ட்டை மேலும் முறுக்குவது (பலரும் முதலில் செய்வது இதைத்தான்) அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரையைக் கெடுத்துவிடும். இவ்விரு தகடுகளின் தடிமனையும் வெர்னியர் அளவியால் அளந்து, வேறுபாட்டுக்கு ஏற்ப வாஷரின் ஒரு பாதியைப் படியாகக் கடைந்துகொள்வதே என் பரிந்துரை. ஹெடரின் முகம் வளைந்திருக்கிறதா என்பதையும் நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிடுங்கள்.