கட்டிலடிப் பஞ்சு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். காலையில் கட்டிலுக்கு அடியில் கூட்டுகிறேன்; மறுநாள் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை உட்கார்ந்திருக்கிறது. இலவம்பஞ்சு குடோனிலிருந்து பறந்து வருகிறது என்கிறார் மாமனார். போடிமெட்டு வழியாகக் கேரளக் காற்று கொண்டுவந்து போடுகிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் வீட்டுக்காரரோ, "அது குட்டி போடுது" என்கிறார். எது உண்மை?

கி.

அன்புள்ள கி.,

முதலில் கேரளத்தை விடுதலை செய்துவிடலாம். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள். உருண்டையை முகர்ந்து பாருங்கள். ஏலக்காய் வாசம் வந்தால் வழக்கை மறுபடி எடுப்போம்.

மாமனார் கட்சி கொஞ்சம் வலுவானது. ஆனால் இலவம் இழை உள்ளே வெறும் காற்று, மேலே மெழுகு. வழுக்கும். நூலாக நூற்பதே பெரும்பாடு. அதனால்தான் மெத்தைக்கும், ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்கும் போனது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத பஞ்சு எப்படி உருண்டையாகும்? வேண்டுமானால் தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

ஆக, குற்றவாளி வீட்டுக்குள்தான். இதற்கு ஆய்வே உண்டு, கட்டிலில் அல்ல, தொப்புளில். ஆஸ்திரேலியாவின் கார்ல் க்ருஸெல்நிக்கி தொப்புள் பஞ்சைப் பற்றி மக்களிடம் கணக்கெடுத்து, 2002இல் இக் நோபல் (சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பகடிப் பரிசு) வாங்கினார். வியன்னாவின் வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர் சும்மா இருப்பாரா? தன் தொப்புளிலிருந்தே 503 உருண்டைகளைச் சேர்த்து 2009இல் கட்டுரை எழுதினார். வயிற்று முடியின் செதில்கள் சட்டை இழைகளைச் சுரண்டித் தொப்புள் பக்கமாகத் தள்ளுகின்றன என்பது அவர் முடிவு. (வீட்டில் என்ன சொன்னார்களோ!)

இதிலிருந்து பிறப்பது என் சித்தாந்தம்: கட்டிலடி என்பது வீட்டின் தொப்புள். அங்கே முடி செய்யும் வேலையை இங்கே மின்விசிறி செய்கிறது. காற்று ஓயும் மூலையில் எல்லாம் போய்ச் சேர்கிறது. அப்புறம்? 2007இல் ரேமர், ஸ்மித் என்ற இருவர் ஒரு நூலைப் பெட்டியில் போட்டு உருட்டிப் பார்த்தார்கள்; சில நொடிகளில் தானாகவே முடிச்சு விழுந்தது. நீளமான தலைமுடி கட்டிலடியில் உருண்டாலும் அதே கதைதான். சிக்கு விழுந்ததும் கைலி நூல், போர்வைத் தூள், தோல் செதில் எல்லாம் வந்து மாட்டும். உருண்டை பெரிதாகப் பெரிதாக இன்னும் பிடிக்கும்.

உங்கள் வீட்டுக்காரரை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். விளக்குமாறால் ஒரு தட்டு தட்டினால் உருண்டை இரண்டாகப் பிய்கிறது. ஒன்று மாட்டுகிறது, மற்றது பீரோவுக்கு அடியில் ஓடிப்போய்த் தனிக்குடித்தனம் வைக்கிறது. பிரசவம் பார்ப்பது நீங்கள்தான். இனி ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

எடுத்ததை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். எல்லாச் சாயமும் கலந்துதான் தூரத்துக்குச் சாம்பலாகத் தெரிகிறது. உள்ளே நீலக் கைலி இழை நிறைய இருந்தால், குட்டிக்குத் தகப்பன் யார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.