தையற்காரருக்கு மூன்று மாதம், குர்தாகுக்கு?

கேள்வி: அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகத்துக்கு மௌனம்தான் உயிர். ஹங்கேரிய இசையமைப்பாளர் குர்தாக் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதை ஆபராவாக, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக, ஆக்கியது வேண்டாத வேலை இல்லையா?

பதில்: 'வருடக்கணக்கில்' என்று குறை சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நாடகத்தில் குப்பைத் தொட்டிக்குள் வாழும் கிழவர் நாக் ஒரு கதை சொல்வார். ஒருவர் கால்சட்டை தைக்கக் கொடுக்கிறார், நாலு நாளில் வரச் சொல்கிறார் தையற்காரர். போனால் பின்பக்கம் சரியில்லை, அடுத்த தடவை கவட்டை சரியில்லை, அப்புறம் பித்தான் துளை, இப்படியே மூன்று மாதம். ஆறே நாளில் கடவுள் உலகத்தைப் படைத்தாரே, ஒரு கால்சட்டைக்கு இத்தனை நாளா என்று அவர் கத்த, தையற்காரர் அலட்சியமாக உலகத்தைக் காட்டிவிட்டு, பெருமையோடு தன் கால்சட்டையைக் காட்டுகிறார். இதைப் படித்தவர்கள் குர்தாகை அவசரப்படுத்தலாமா? 1957-ல் பாரிஸுக்குப் போனபோது இந்த நாடகத்தைப் பார்த்தவர், 2018 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்து ஆபரா அரங்கமான லா ஸ்காலாவில் அது ஆபராவாக அரங்கேறியபோது அவருக்கு வயது 92. அதுதான் அவருடைய முதல் ஆபரா!

மௌனத்துக்கு வருகிறேன். பெரிய வாத்தியக்குழுதான், ஆனால் மொத்தமாகச் சேர்ந்து முழங்குவது அபூர்வம். சிம்பலம் என்ற, குச்சியால் தட்டி வாசிக்கும் ஹங்கேரியத் தந்தி வாத்தியம் இரண்டு சொட்டு, அக்கார்டியன் ஒரு மூச்சு, உடனே நின்றுவிடும், பிரெஞ்சு வசனம் பேச்சின் நடையிலேயே பாட்டாகும். நல்ல நாடகத்தை எடுத்து வரிக்கு வரி வயலினைக் கொட்டி மூழ்கடிப்பவர்களோடுதான் என் சண்டை, அதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை போட்டாயிற்று, இன்னும் போடுவேன். குர்தாக் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை.

பெக்கெட்டே எதிர்த்திருப்பார் என்பீர்கள். 1984-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இதே நாடகத்தைச் சுரங்க ரயில் பாதையில் நடப்பதாக மாற்றி, இசையும் சேர்த்தபோது அவர் கொதித்தார், அவருடைய கண்டனம் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே அச்சானது. அந்த விஷயத்தில் நான் பெக்கெட் பக்கம். ஆனால் அதே பெக்கெட், ஆபரா எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு, அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனுக்குச் சில வரிகள் எழுதிக் கொடுத்தார், 1977-ல் ரோமில் அது ஆபராவாகவே மேடையேறியது. குர்தாக் வசனத்தைக் கணிசமாகக் குறைத்தார், உண்மை. புதிதாகச் சொந்தச் சரக்கு எதையும் நுழைக்கவில்லை, தொடக்கத்தில் வரும் பாட்டுகூட பெக்கெட்டின் கவிதைதான்.