கல்லு போட்டீங்களா அக்கா?

அன்புள்ள அக்கா,

அந்தக் கால அமெரிக்க அரசியல்வாதி நத்தானியல் மேகன் கல்லறை பத்தி நீங்க போன மாசம் எழுதினத படிச்சிட்டு சனிக்கிழமை கேரிலேர்ந்து கிளம்பி போயிட்டு வந்துட்டேன். நார்த் கரோலினா வாரன் கவுண்டில 158 ரோட்டோரமா அவரு பேர் போட்ட அந்த சில்வர் கலர் ஸ்டேட் வரலாற்று போர்டு நிக்குது. கல்லறை அங்கயே இருக்கும்னு நெனச்சு இறங்கி தேடுறேன், வெறும் புல்லுதான் இருக்கு. அப்புறம் விசாரிச்சு உள்ள கிராமத்து ரோட்ல போய் கண்டுபிடிச்சேன். ஒரு கல்லுக் குவியல், அவ்ளோதான். வர்றவங்க ஒரு கல்ல எடுத்து அது மேல போடுறது வழக்கமாம். நானும் ஒண்ண கையில எடுத்துட்டேன், அப்பதான் இவரு அடிமைங்கள வச்சிருந்த ஆளாச்சேன்னு தோணிச்சு, கீழயே வச்சிட்டு வந்துட்டேன். நீங்க அதப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே அக்கா, ஏன்? நீங்க கல்லு போட்டீங்களா? அந்த போர்ட எடுத்துடணும்னு நெனக்கிறீங்களா?

ஒரு வாசகர், கேரி

அன்புள்ள தம்பி,

நீங்க கேட்டது சரிதான், நான் எழுதாம விட்டது தப்பு. அந்த மனுஷன் செத்துப்போன கதை என்னை அப்படியே இழுத்துட்டு போயிடுச்சு, மத்தத மறந்துட்டேன்.

37 வருஷம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல இருந்தவரு. 1801லேர்ந்து 1807 வரைக்கும் அதோட கீழ்சபைக்கு சபாநாயகர், அப்புறம் 1815லேர்ந்து 1828 வரைக்கும் மேல்சபையான செனட்ல செனட்டர். இவ்ளோ பெரிய ஆளு ஒரே ஒரு ரூம் வச்ச மரவீட்லதான் இருந்தாரு. 1790ல மனைவி ஹன்னா செத்துட்டாங்க, அதுக்கப்புறம் கல்யாணமே பண்ணிக்கல. சாகுறதுக்கு முன்னாடியே டாக்டர் பில்லையும் சவப்பெட்டி செலவையும் கூப்பிட்டு செட்டில் பண்ணிட்டாருன்னு சொல்லுவாங்க. என்னை என் மனைவி பக்கத்துல பொதைங்க, நல்ல மண்ணு இல்லாத மேட்ல பொதைங்க, மேல கல்லக் கொட்டுங்க, பின்னால எவனும் ஏர் ஓட்ட ஆசப்படக் கூடாதுன்னு சொல்லிட்டு 1837 ஜூன் 29ம் தேதி போயிட்டாரு. இத மொத மொதல்ல படிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு தம்பி, அதனாலதான் அந்தக் கட்டுரை அப்படி வந்துச்சு.

ஆனா உங்க கடிதம் வந்தப்புறம் அந்த ஏர் மட்டும் மனசுல நின்னுட்டே இருக்கு. பக் ஸ்பிரிங்ங்கற அவரோட பண்ணைல, புகையிலை நிலத்துல ஏர் புடிச்சது யாரு? அவரு விலைக்கு வாங்கின, பரம்பரையா வச்சிருந்த கறுப்பின மக்கள்தானே. அந்தக் கல்ல எல்லாம் சுமந்துட்டு வந்து கொட்டினதும் அவங்க கையாத்தான் இருந்திருக்கும்னு எனக்கு தோணுது. தன் எலும்பு மேல கலப்பை ஏறிடுமோன்னு பயந்த ஒருத்தரு, அந்தக் கலப்பைய புடிச்சவங்க செத்தா எங்க பொதைப்பாங்கன்னு யோசிச்சிருப்பாரா?

இன்னொண்ணு சொல்லணும். மிசௌரிய அடிமை மாநிலமா சேக்கலாமா வேண்டாமான்னு 1820ல செனட்ல பெரிய சண்டை, அதுல இவரு எழுந்து பேசினாரு. எங்க பக்கம் வந்து பாருங்க, எஜமான் வீடு திரும்பும்போது அடிமைங்க முகத்துல எவ்ளோ சந்தோஷம், எப்படி கை குலுக்குறாங்கன்னு பாருங்கங்கற மாதிரி பேசினாரு. அத ஒரு சாட்சியா வச்சாரு! தனக்குன்னு ஒரு காசு வீணாக்காத மனுஷன், அடுத்தவன் கடன வச்சுட்டு சாகக் கூடாதுன்னு நெனச்ச மனுஷன், வாழ்நாள் பூரா கூலி குடுக்காத உழைப்பு மட்டும் அவரு கணக்குல வரவே இல்ல. எனக்கு இதுதான் தாங்கல.

இப்ப போர்டு. கல்லறை அங்க இல்லாததுக்கு காரணம் இருக்கு, இங்க ஸ்டேட் போர்டெல்லாம் நம்பர் போட்ட மெயின் ரோட்லதான் வைப்பாங்க, சம்பவம் நடந்த இடம் எந்தப் பக்கம்னு மட்டும் கைய காட்டும். கிரான்வில் கவுண்டி ஸ்டோவால்ல 1936ல நட்ட மொத போர்டே அப்படித்தான், சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்ட ஜான் பென் வீட்டுக்கு வழி காட்டுற போர்டு. வண்டில போறவன் படிக்கணும்ங்கறதால நாலஞ்சு வரிக்கு மேல எடமும் கிடையாது. பேரு, பதவி, எந்தப் பக்கம், முடிஞ்சுது. சரி, எடம் கம்மிதான், ஆனா அந்தக் கம்மி எடத்துல எத வைக்கணும்னு முடிவு பண்றது மனுஷங்கதானே. எனக்கு அத எடுக்க வேண்டாம், வாசகத்த மாத்தி வார்க்கணும். அடிமைங்க உழைச்ச பண்ணைன்னு சேக்க ரெண்டு வார்த்தைக்கு எடம் இருக்கு, ரெண்டு பதவில ஒண்ண எடுத்துட்டா போதும்.

கல்லு போட்டேனான்னு கேட்டீங்க. மொத தடவ போட்டேன், ரொம்ப பக்தியா பாத்து பாத்து ஒரு வெள்ளக் கல்ல பொறுக்கி போட்டேன். அடுத்த தடவ போனா போட மாட்டேன். நீங்க கீழ வச்சிட்டு வந்தது சரிதான், அதுக்காக மனசக் கொழப்பிக்காதீங்க.

கேரிலேர்ந்து ரொம்ப கிட்டயே இன்னொரு போர்டு இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழம போங்க. சாதம் கவுண்டில 15-501 ரோட்ல, பிட்ஸ்போரோ தாண்டி சேப்பல் ஹில் போற வழில. ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் பேருல நிக்குது. அடிமையாவே பொறந்தவரு, தானாவே படிக்க கத்துக்கிட்டவரு. சேப்பல் ஹில் யூனிவர்சிட்டி பசங்களுக்கு காதல் கவிதை சொல்லி காசு வாங்கினாரு, அவங்க எழுதிக்குவாங்க, ஏன்னா அப்ப இவருக்கு படிக்கத்தான் தெரியும், எழுத வராது. மேகன் செனட்ட விட்டு வீட்டுக்கு வந்த அடுத்த வருஷம், 1829ல, ராலேல இவரு கவிதை புத்தகமா வந்துச்சு. அத வித்து விடுதலைய வாங்கிடலாம்னு பாத்தாரு, காசு சேரல. 1865 வரைக்கும் அடிமையாவே இருந்தாரு. அந்த போர்டும் அவரு இருந்த பண்ணை எந்தப் பக்கம்னுதான் சொல்லுது. மவுண்ட் கிலியட் சர்ச் ரோடு திரும்புற எடம், வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, லாரி வேகமா வரும்.

அன்புடன்
அக்கா