நடுத்தர குரூசர் பைக் வைத்திருப்பவர்களின் அனுபவம் எப்படி? தினமும் ஓட்ட ஒத்துவருமா?

கேள்வி கேட்டவர் தன் உயரம் 163 செ.மீ. என்றும், இதுவரை ஓட்டியது 150 சிசி வண்டி என்றும், தினமும் நெரிசலில் 18 கி.மீ. அலுவலகம் போய்வர வேண்டும், மாதம் ஓரிரு முறை நெடுந்தூரம் போக ஆசை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். குரூசர் என்பது தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் வகை பைக். நான் 650 சிசி இரட்டை சிலிண்டர் குரூசர் ஒன்றை ஐந்தாவது ஆண்டாக ஓட்டுகிறேன். 41,000 கி.மீ. ஆகிவிட்டது. என் வண்டி எந்த நிறுவனத்துடையது என்று சொல்லவில்லை. நான் புலம்பப் போகும் குறைகளில் பாதி எல்லா குரூசருக்கும் உள்ளவை. மீதி, ஓட்டுகிற என்னுடையவை.

முதலில் உயரத்தை முடித்துவிடலாம். அது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஹோண்டா ரெபெல் 500 வண்டியின் சீட் உயரம் 690 மி.மீ., கவாஸாகி வல்கன் எஸ் 705, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 வண்டிக்கு 740. நீங்கள் இப்போது ஓட்டுவது பெரும்பாலும் 800ஐ ஒட்டி இருக்கும். ஷோரூமில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும். ஹேண்டில் பார் தானே கைக்கு வந்து சேரும். நானும் அந்த இடத்தில்தான் மயங்கினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன்.

குள்ளமானவர்களுக்கு குரூசர் வரப்பிரசாதம் என்று சொல்பவர்கள் எடையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ரெபெல் 500 சுமார் 190 கிலோ. வல்கன் எஸ் 230 கிலோவுக்குப் பக்கத்தில். சூப்பர் மீட்டியோர் 241. ஓடத் தொடங்கிவிட்டால் இந்த எடை எங்கே போகிறது என்றே தெரியாது. நிற்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

வாங்கி இரண்டாவது மாதம். அடித்தள வாகன நிறுத்தத்தில், சுவரை நோக்கி லேசாகச் சரியும் ஓரிடத்தில், முன்சக்கரம் சுவரைத் தொடுமளவு கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். 150 சிசி வண்டியில் பத்து வருடம் செய்த பழக்கம். மாலையில் வந்து ஏறி உட்கார்ந்து காலால் பின்னோக்கித் தள்ளினேன். நகரவில்லை. இறங்கி, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு சாண் வந்தது, பிரேக் பிடித்தேன், இன்னொரு சாண். அங்கே யாரோ சிந்திய ஆயிலில் என் கால் வழுக்கியது. வண்டி மெல்ல வலப்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கோணம் வரை வண்டி நாம் சொல்வதைக் கேட்கும். அதைத் தாண்டிவிட்டால் பூமி சொல்வதைத்தான் கேட்கும். தாங்கிப் பிடிக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். நான் நல்லவேளையாக விட்டுவிட்டு விலகினேன். 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு பெட்ரோல் மூடியிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு. காவலர் ஓடிவந்து, வண்டியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார்: "உங்களுடையதா சார்?"

விழுந்த குரூசரைக் குனிந்து, ஹேண்டில் பாரை இழுத்துத் தூக்கவே முடியாது. இன்ஜினை அணைத்து, முடிந்தால் கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைப் பொருத்தி உட்காருவது போல் இறங்கி, ஒரு கையால் கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியையும், மறு கையால் சட்டத்தில் உறுதியான ஓரிடத்தையும் பிடித்துக்கொண்டு, கால்களை ஊன்றிச் சிறுசிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகை வளைக்கவே கூடாது. வேலை முழுவதும் தொடைக்குத்தான். அன்று இது எனக்குத் தெரியாது. நானும் காவலருமாகக் கண்டபடி இழுத்து நிமிர்த்தினோம். பிரேக் லிவர் கொக்கி போல வளைந்திருந்தது. கண்ணாடி திரும்பிப்போயிருந்தது. இன்ஜின் கார்டு இருந்ததால் சேதம் அதோடு போயிற்று. அன்றிலிருந்து எங்கே போனாலும் வண்டியின் பின்பக்கம் உள்ளே, முகம் வெளியே. ஓர் இடத்துக்குள் நுழையும் முன்பே எப்படி வெளியே வருவது என்று யோசிப்பது அனிச்சையாகிவிட்டது.

மெதுவாகத் திருப்புவதும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான். குரூசரில் முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அதிகமாகச் சாய்ந்திருக்கும், சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் அதிகம். வல்கன் எஸ் வண்டியில் சாய்வு 31 டிகிரி, சக்கர இடைவெளி 1,575 மி.மீ. நேர்சாலையில் கோடு போட்டது போல வண்டி போவது இதனால்தான். குறுகிய சாலையில் திருப்பும்போது முன்சக்கரம் தானாக உள்ளே மடிந்து விழுவது போலத் தோன்றுவதும் இதனால்தான். கிளட்சைப் பாதியில் பிடித்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி, திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே போனால் திரும்பிவிடும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டால் கீழேதான். காலியான மைதானத்தில் இரண்டு மூன்று நாள் இதை மட்டும் பழகுங்கள். வலப்பக்கத் திருப்பம் பலருக்கும் கொஞ்சம் அதிகம் படுத்தும்.

இப்போது முதுகு. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

சாதாரண பைக்கில் கால்கள் நமக்குக் கீழே இருக்கின்றன. பள்ளம் வந்தால் நம்மை அறியாமலே ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி அரை அங்குலம் எழுந்துகொள்கிறோம். குரூசரில் கால் முன்னால் நீட்டியிருக்கிறது. எழுந்திருக்க வழியே இல்லை. வருகிற அடி எல்லாம் நேராக வாலெலும்புக்கு. போதாக்குறைக்கு, சீட்டைத் தாழ்த்துவதற்காகப் பின்சஸ்பென்ஷனின் வீச்சைக் குறைத்திருப்பார்கள். வல்கன் எஸ் வண்டியில் பின்சக்கரம் மேலும் கீழும் நகர இடம் 80 மி.மீ. மட்டுமே, சூப்பர் மீட்டியோரில் 101. ஒரு பெரிய பள்ளத்துக்கு இது எம்மட்டு? முதல் இருபது நிமிடம் சோபாவில் உட்கார்ந்த சுகம். நாற்பதாவது நிமிடத்தில் இடம் மாற்றி உட்காரத் தோன்றும். ஒன்றரை மணி நேரம் ஆனதும் சாலையை விட்டுவிட்டு அடுத்த பள்ளத்தை மட்டும் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஷோரூம்காரர்கள் பத்து நிமிடம் மட்டும் ஓட்டக் கொடுப்பதில் தந்திரம் எதுவும் இல்லைதான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் அவர்கள் கட்சி.

நான் செய்த முதல் செலவு ஒரு ஜெல் மெத்தை. வீண். மெத்தென்றிருப்பது எல்லாம் அமுங்கி, அரை மணி நேரத்தில் பழைய கதை. உண்மையில் உதவியது, சீட் தைப்பவரிடம் கொடுத்து உள்ளே இருந்த ஃபோமை எடுத்துவிட்டு இறுக்கமான ஃபோம் போட்டுத் தைத்துக்கொண்டதுதான். கையால் அழுத்திப் பார்த்தால் பலகை போல இருக்கும், ஆனால் மூன்று மணி நேரம் தாங்குகிறது. அடுத்து, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை என் எடைக்கு ஏற்ப இரண்டு படி கூட்டினேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் அது எனக்குத் தோன்றியது. வல்கன் எஸ் வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது; 163 செ.மீ. உயரத்துக்கு அது பெரிய விஷயம். ரெபெல்லில் கால் அவ்வளவாக முன்னால் போகாது. முதுகுவலிக்காரர்கள் அந்த வகையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பின்னால் உட்காருபவர் கதை இதைவிட மோசம். பல குரூசர்களில் பின்சீட் என்பது மட்கார்டின் மேல் ஒட்டிய ஒரு துண்டு. சரியாகப் பின்சக்கரத்தின் தலைக்கு மேல். முதல் நெடும்பயணத்தில் இறங்கியதும் என் மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கு சோபா, எனக்கு முக்காலியா?" அகலமான பின்சீட்டும் முதுகுச் சாய்மானமும் போட்ட பிறகுதான் மறுபடி ஏறினாள். சாய்மானம் இல்லாமல் நெடுந்தூரம் யாரையும் கூட்டிப்போகாதீர்கள். ஆக்சிலரேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் போகிறார்.

சூட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அது உண்மைதான். நெரிசலில் கால் மணி நேரம் நின்றால் தொடையின் உட்பக்கம் காய்கிறது. ஓடத் தொடங்கினால் போய்விடும்.

பராமரிப்பில் என் பொறுமையைச் சோதிப்பது செயின். பழைய நடுத்தர குரூசர்கள் சிலவற்றில் இந்தத் தொல்லையே இல்லை. பின்சக்கரத்தைச் சுற்ற, யமஹா டிராக்ஸ்டார் 650 வண்டியில் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), சுசுகி சாவேஜ் 650 வண்டியில் பெல்ட். இன்றைய வண்டிகளின் இன்ஜின் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் வேறு பைக்கிலிருந்து வந்தது. வல்கன் எஸ் இன்ஜினுக்கு நிஞ்சா 650 தாய்வீடு, ரெபெல் 500 இன்ஜினுக்கு சிபி500 வரிசை. அதனால் செயினும் கூடவே வந்துவிட்டது. பல குரூசர்களில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. ஆக, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின் அருகில் குந்தி, எட்டுகிற நீளத்துக்குச் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, எழுந்து, வண்டியை இரண்டடி உருட்டி, மறுபடி குந்தி… இப்படி நான்கைந்து தடவை. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சக்கரம் சுற்றச் சுற்றத் துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் வேண்டுமென்றால் அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆரக்கம்பிச் சக்கரம் அழகு. ஆனால் அதில் பெரும்பாலும் டியூப் இருக்கும். வழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சென்டர் ஸ்டாண்டும் இல்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ளதையே வாங்குங்கள்.

இவ்வளவு புலம்பிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். கடைசி கியரில் 80, 90 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த வண்டிக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. லாரியை முந்த கியரைக் குறைக்க வேண்டாம். கையை லேசாகத் திருகினால் போதும். என் இன்ஜினில் 270 டிகிரி கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு). இரண்டு சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் வெடிக்காமல், பக்கம் பக்கமாக இரண்டு, பிறகு ஓர் இடைவெளி என்று வெடிக்கும். இரண்டு சிலிண்டர்களும் V வடிவில் நிற்கும் பழைய வி ட்வின் இன்ஜின்களின் துடிப்பும் ஏறக்குறைய இப்படித்தான். சூப்பர் மீட்டியோரிலும் இதே ஏற்பாடு; ரெபெல் 500, வல்கன் எஸ் இரண்டிலும் 180 டிகிரி, சத்தம் வேறு மாதிரி. விடியும் முன் கிளம்பி, சாலை காலியாக இருக்கும் முதல் ஒரு மணி நேரம், அந்தத் துடிப்பு உள்ளங்காலில் ஏறிக்கொண்டே இருக்கும். 110ஐத் தாண்டினால் இது கெட்டுவிடும். விரிந்த கைகளும் நிமிர்ந்த நெஞ்சுமாக உட்கார்ந்திருப்பதால் காற்று நம்மைப் பாய்மரமாக்கிவிடுகிறது. முன்கண்ணாடி போட்டேன், நெஞ்சுக்கு நிம்மதி, ஆனால் அதன் மேல்விளிம்பைத் தாண்டி வந்த காற்று ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கியது. கழற்றி வைத்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

வளைவுகளிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒருமுறை மலைப்பாதையில் கொஞ்சம் உற்சாகமாகச் சாய்த்தபோது காலடியில் 'சர்ர்' என்று இழுத்தது. ஃபுட்ரெஸ்ட்டின் அடியில் உள்ள சிறு போல்ட் தார்ச்சாலையைத் தேய்த்துவிட்டது. அது எச்சரிக்கைக்காகவே வைத்த போல்ட். சூப்பர் மீட்டியோரின் தரை இடைவெளி 135 மி.மீ., வல்கன் எஸ் 130. வேகத்தடையிலும் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் 18 கி.மீ. நெரிசல், வீட்டில் வேறு வண்டி இல்லை என்றால் 650 வேண்டாம். ஒரே மாதத்தில் அதை வெறுக்கத் தொடங்கிவிடுவீர்கள். அந்த நிலையில் நானாக இருந்தால் மீட்டியோர் 350 போன்ற ஒன்றைப் பார்ப்பேன். 191 கிலோ, 20 குதிரைத்திறன், தரை இடைவெளி 170 மி.மீ. 90 கி.மீ. வேகத்துக்கு மேல் போக ஆசையில்லாதவருக்கு நெடும்பயணத்துக்கும் அது போதும். இப்போதைய 150 சிசியை விற்காமல் வைத்துக்கொள்ள முடியும் என்றால் தாராளமாக 650 வாங்குங்கள். என் வீட்டிலும் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. வார நாட்களில் நான் அலுவலகம் போவது அதில்தான்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது நேரே ஓட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு முழுத் திருப்பம் போடுங்கள். தேடிப்பிடித்து ஒரு மோசமான சாலையில் விடுங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூடவே அழைத்துப்போங்கள். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, லேசான ஏற்றத்தில் வண்டியைப் பின்னோக்கி இருபது அடி தள்ளிப் பாருங்கள். விற்பனையாளர் "இது எதற்கு சார்?" என்று கேட்பார். கேட்கட்டும்.